காலி பெருங்காய டப்பாவும் ஒரு போர்ட் பீப்பாயும்: கிளென் மர்ரே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் எந்த பாட்டில் என்று சொல்லுங்கள்?

கிளென் மர்ரே போர்ட் காஸ்க் ஃபினிஷ் என்ற ஸ்காட்ச் விஸ்கி. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், எல்கின் என்ற ஊரில், லாஸி ஆற்றங்கரையில் வடிக்கிறார்கள். லேபிளில் வயது கிடையாது. 40 சதவீத ஆல்கஹால். பிரிட்டனில் நான் வாங்கியபோதெல்லாம் 30 பவுண்டுக்குள் முடிந்திருக்கிறது, தள்ளுபடி வாரத்தில் இன்னும் குறைவு. அங்கே ஒரு சிங்கிள் மால்ட்டுக்கு இது கிட்டத்தட்ட அடிமட்ட விலை. போன மாதம் நாலு பேர் உட்கார்ந்து இதைச் சுவைத்துப் பார்த்தோம். அன்றைக்கு மற்ற மூவரும் கேட்டவை, அப்புறம் போனில் கேட்டவை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பெயரை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் மோரே (Moray) என்றுதானே எழுத்து இருக்கிறது?

எழுத்து அப்படித்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வது 'மர்ரே', டென்னிஸ் ஆண்டி மர்ரே மாதிரி. கடையில் மோரே என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததா?

இல்லை. எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. 'சிங்கிள்' என்பது ஒரே வடிசாலை. 'மால்ட்' என்பது முளைகட்டிய பார்லி, வேறு தானியம் கிடையாது. பானை வாலையில் வடித்திருக்க வேண்டும், ஓக் பீப்பாயில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 வருடம் கிடந்திருக்க வேண்டும், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 2009இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள் இதையெல்லாம் அச்சுப் பிசகாமல் சொல்கின்றன. ஒரே வடிசாலையின் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து ஊற்றினாலும் அது சிங்கிள் மால்ட்தான். ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததற்கு 'சிங்கிள் காஸ்க்' என்று பெயர், அதன் விலையே வேறு.

இந்த 'ஃபினிஷ்' என்ன சமாச்சாரம்?

இந்த வார்த்தைக்கு விஸ்கிக்காரர்கள் இரண்டு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். விழுங்கிய பிறகு அடிநாக்கில் நிற்கும் சுவையும் ஃபினிஷ்தான். லேபிளில் இருப்பது அதுவல்ல, பீப்பாய் மாற்றுவது.

நம் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்காயம் தீர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், இரண்டு முறை கழுவிக்கூட வைத்திருப்போம், ஆனாலும் அதில் போட்டு வைத்த சர்க்கரையில் காபி போட்டால் காபி காட்டிக்கொடுத்துவிடும். பீப்பாய் ஃபினிஷ் என்பது இதையே வேண்டுமென்று செய்வது, அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பர்பன் (அந்த ஊர் விஸ்கி) பீப்பாயில் சில வருடம் கிடந்த விஸ்கியை எடுத்து, வேறு மது இருந்து காலியான இன்னொரு பீப்பாயில் கடைசியாகச் சில வாரமோ மாதமோ போட்டு வைப்பார்கள். கட்டைக்குள் ஊறி நிற்கும் பழைய மது கொஞ்சம் கொஞ்சமாக விஸ்கிக்குள் இறங்கும். அந்த மதுவைப் பாட்டிலில் கலந்தால் சட்டப்படி தப்பு, கட்டை வழியாக வந்தால் சரி. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையான நியாயம்தான்.

இதை முறையாகச் செய்து காட்டியவர் என்று பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட்டைத்தான் சொல்வார்கள். 1980களின் ஆரம்பத்தில் பர்பன் பீப்பாய் விஸ்கியை ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றிப் பார்த்தார், 1993இல் அது டபுள்வுட் என்ற பெயரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு கிளென்மோரஞ்சி என்ற விஸ்கி நிறுவனம் போர்ட், மதேரா என்று ஒயின் பீப்பாய்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டது. அப்போது கிளென் மர்ரேயும் அதே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. 1999இலேயே கிளென் மர்ரே வெள்ளை ஒயின் பீப்பாய் விஸ்கிகளை வெளியிட்டது அந்தத் தொடர்பில்தான்.

போர்ட் என்றால்?

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் இனிப்பு ஒயின். திராட்சைச் சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள், அதனால் மிச்சச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். 20 சதவீதம் பக்கம் ஆல்கஹால். அது கிடந்த நீளமான பீப்பாய்க்கு 'பைப்' என்று பெயர், சுமார் 550 லிட்டர் கொள்ளும். நம் பாட்டில் அப்படிப்பட்ட பீப்பாய்களில் கடைசி 8 மாதம் இருந்தது.

விலை எப்படி இவ்வளவு குறைகிறது? ஏதாவது கோல்மாலா?

கோல்மால் இல்லை. முதல் காரணம் வயது. லேபிளில் எண் இல்லையென்றால் உள்ளே இளம் விஸ்கி நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பீப்பாயில் கிடக்கும் ஒவ்வொரு வருடமும் ஸ்காட்லாந்தில் 2 சதவீதம் போல ஆவியாகிப் போய்விடும், கிடங்கு வாடகை, முடங்கிக் கிடக்கும் முதல் எல்லாம் சேரும், ஆகவே இளசு என்றால் மலிவு. இரண்டாவது, 40 சதவீதத்தில் அடைப்பது. அதே பீப்பாய்ச் சரக்கை 46இல் அடைத்தால் குறைவான பாட்டில்தான் வரும். தண்ணீர் ஊற்ற ஊற்ற லாபம், இது பால்காரருக்கும் தெரியும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. 2008இல் கிளென் மர்ரேயை லா மார்ட்டினிகேஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. போர்ட்டோ குரூஸ் என்ற போர்ட் ஒயினும் அவர்களுடையதே. ஒரு கையில் காலி போர்ட் பீப்பாய், இன்னொரு கையில் விஸ்கி. மற்ற வடிசாலைகள் நல்ல ஒயின் பீப்பாய்க்குச் சந்தையில் அலைந்து விலை கொடுக்கும்போது, இவர்களுக்கு அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் பாத்திரம் வருவது மாதிரி.

வடிசாலையும் பழசு. 1897இல் ஒரு பீர் ஆலையை மாற்றித் தொடங்கினார்கள், 1910இல் மூடினார்கள், 1923இல் மறுபடி திறந்தார்கள். பெரிய பெயர்களுக்கு நடுவில் ஓரமாக உட்கார்ந்திருப்பதால் கௌரவத்துக்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை.

சுவைத்துப் பார்ப்பது எப்படி? சும்மா குடித்தால் போதாதா?

போதும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஃபினிஷ் என்ன செய்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், அதே வடிசாலையின் சாதாரண பாட்டிலையும் பக்கத்தில் வையுங்கள். கிளென் மர்ரே கிளாசிக் என்று ஒன்று உண்டு, பர்பன் பீப்பாயில் மட்டும் வளர்ந்தது, இதைவிடக் கொஞ்சம் விலை குறைவாகவே கிடைக்கும். இரண்டிலும் ஆளுக்கு 15 மில்லி, அதாவது அரை ஸ்மால், அதற்கு மேல் தேவையில்லை. தனியாக ஒன்றைக் குடித்துவிட்டு 'போர்ட் தெரிகிறது' என்று சொல்வது, தாளிக்காத சாம்பாரை ஒருநாளும் சாப்பிடாதவன் தாளிப்பைப் பற்றி தீர்ப்புச் சொல்வது போலத்தான்.

கிளாஸ் வாய் குறுகி வயிறு பெருத்ததாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், மணம் நிற்காது. ஊற்றியவுடன் மூக்கைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள், ஆல்கஹால் நெடி அடித்து அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மூக்கு மரத்துப்போகும். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸை முகவாய் அருகில் பிடித்து மோந்து பாருங்கள். முதல் வாயை மதிப்பிடவே கூடாது, அது நாக்குக்கு 'இதோ வருகிறது' என்று தகவல் சொல்ல மட்டும். இரண்டாவது வாயை மெல்லுவது போல இரண்டு மூன்று முறை புரட்டி விழுங்கிவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். போர்ட்டின் வேலை முக்கால்வாசி அப்போதுதான் தெரியும்.

சரி, என்ன தெரிந்தது?

கிளாசிக்கில் வெனிலா, வெட்டிய ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பச்சைப் புல். மெலிசான ஆள். ஓரத்தில் இளம் சாராயத்தின் காட்டம், பழுக்காத பேரிக்காய் மாதிரி ஒரு சுருக்.

போர்ட் பாட்டிலில் அதே வெனிலா கீழே இருக்கிறது, மேலே பாயசத்துக்கு நெய்யில் வறுக்கும் உலர்திராட்சை உப்பி வெடிக்கும்போது வருமே, அந்த மணம். லவங்கப்பட்டை உண்டு. நேரம் போகப் போக நாவல்பழம், பழம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பழம் தின்ற பிறகு நாக்கில் ஒட்டும் அந்தத் துவர்ப்பு. வாயில் முதலில் இனிப்பு, கமர்கட் கடித்த மாதிரி வெல்லமும் வெண்ணெயும், நடுவில் மிளகுக் காரம், கடைசியில் கசப்புச் சாக்லேட். பின்சுவை நீளமில்லை. பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிடுகிறது, இளம் விஸ்கி என்பது அங்கேதான் தெரியும். பீப்பாய் மாற்றி மணத்தைக் கூட்டலாம், வயதைக் கூட்ட முடியாது.

எங்களில் ஒருவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: இருமல் மருந்து. சிரித்தோம், ஆனால் அது தப்பான விமர்சனம் இல்லை. போர்ட் ஃபினிஷ் மீறிப் போனால் அந்தச் செயற்கையான சிவப்புப் பழ இனிப்பு வரத்தான் செய்யும். இந்தப் பாட்டில் கோட்டைத் தாண்டவில்லை என்பது என் கட்சி, கோட்டுக்கு மேலேயே நிற்கிறது என்பது அவன் கட்சி.

நிறம் லேசாகச் சிவந்திருக்கிறதே, சாயமா?

அந்தச் செம்பு கலந்த ரோஸ் போர்ட்டிலிருந்து வருவது. ஸ்காட்சில் தண்ணீரும் சாதாரண கேரமல் நிறமியும் தவிர எதுவும் சேர்க்கக்கூடாது, கேரமலும் பழுப்பைத்தான் தரும், ரோஸைத் தராது. (ஜெர்மனியில் கேரமல் சேர்த்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும், அதனால் சந்தேகப் பிராணிகள் ஜெர்மன் லேபிளைத் தேடிப் பார்ப்பார்கள். நானும் ஒரு சந்தேகப் பிராணி.)

நிறம் இன்னொரு வம்பு செய்யும். 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் மாணவர்கள்தான். அவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினுக்கான மண வார்த்தைகளையே எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. ஆகவே நாங்கள் இரண்டாவது சுற்றில் விளக்கை அணைத்துவிட்டோம். ஒருத்தி கிளாஸ்களை மாற்றி மாற்றி மூன்று ஊற்றித் தந்தாள், எது எது என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் நாவல்பழம் என்று பெரிதாகப் பேசிய நான் ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். இருமல் மருந்துக்காரன் மூன்றையும் சரியாகச் சொன்னான். பிடிக்காதவன் மூக்கு கூர்மை.

தண்ணீர், ஐஸ், சோடா, கோக்?

40 சதவீதம் என்பதால் ராவாகவே குடிக்கலாம், தொண்டை எரியாது. தண்ணீர் என்றால் ஸ்பூனால் சில சொட்டு. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் கணித்துப் பார்த்தார்கள்: நீர் சேர்த்தால் குவாயக்கால் போன்ற மண மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஏறி வருமாம். இந்த பாட்டிலில் இரண்டு மூன்று சொட்டுக்குப் பழம் நன்றாகத் திறக்கிறது, ஒரு ஸ்பூனைத் தாண்டினால் வெறும் இனிப்புத் தண்ணீர். 60 சதவீத விஸ்கிக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே இங்கே போடக்கூடாது.

ஐஸ் போட்டால் இனிப்பு அடங்கி மரக்கசப்பு தூக்கும். சோடா நன்றாகவே இருக்கிறது, ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று போட்டால் இன்னும். கோக் ஊற்றுவதானால் கிளாசிக்கையே வாங்குங்கள், போர்ட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

எனக்கு எல்லா விஸ்கியும் விஸ்கி வாசனைதான் அடிக்கிறது. என்ன செய்ய?

மணம் தெரியவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் வார்த்தைதான் தெரியவில்லை. ஆங்கிலச் சுவைக் குறிப்புகளில் டாம்சன் பழம், கிறிஸ்துமஸ் கேக் என்றெல்லாம் எழுதியிருக்கும், டாம்சனை நான் வாழ்நாளில் கண்டதில்லை. அதைப் படித்துவிட்டு கிளாஸுக்குள் டாம்சனைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பனங்கற்கண்டு, இலந்தவடை, பேரீச்சை, பழைய மர பீரோவைத் திறந்தால் வரும் வாசம், மழைக்கு முன் மண், சூடான நெய், இவையெல்லாம் நம் மூக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துப் பேசுங்கள். சமையலறையில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பட்டையை ஒருமுறை, கிராம்பை ஒருமுறை மோந்துவிட்டு வந்து கிளாஸை மோந்து பாருங்கள். கேலியாக இருக்கும், ஆனால் எங்களில் ஒருவருக்கு அதற்கப்புறம்தான் பட்டை பிடிபட்டது.

சைட் டிஷ்?

சுவைக்கும்போது வேண்டாம். மிக்சரும் சிக்கன் 65-உம் நாக்கை அரை மணி நேரத்துக்கு மூடிவிடும். முடிந்த பிறகு கசப்புச் சாக்லேட், உப்பில்லாமல் வறுத்த முந்திரி, நிஜக் கமர்கட் கிடைத்தால் அதுவும். வண்டியில் வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகட்டும்.

இதைவிட வினோதமான பீப்பாய்கள் உண்டா?

நிறைய. பக்கத்தில் டஃப்டவுனில் உள்ள கிளென்ஃபிடிக் 2016இல் ஐபிஏ பீர் பீப்பாயில் முடித்து ஒன்று விட்டது. உள்ளூர் கைவினை பீர் ஆலை ஒன்று தன் பீரைச் சில வாரம் அந்தப் பீப்பாயில் வைத்துக் காலி செய்தது, பிறகு விஸ்கி 12 வாரம். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் புல் வாசமும் லேசாக வரும், 43 சதவீதம். பீர் பிரியர்கள் நிறைய எதிர்பார்த்து ஏமாறுவார்கள், எனக்கு அந்த லேசு பிடித்திருந்தது. பால்வெனியின் 14 வயது கரீபியன் காஸ்க் ரம் பீப்பாயில் முடித்தது, விலை ஏறிவிட்டாலும் ரம் குடித்து வளர்ந்த நம் ஆட்களுக்கு உடனே பிடிக்கும்.

2019இல் ஸ்காட்ச் விதியையும் தளர்த்தினார்கள், மெக்சிகோ சாராயங்களான டெக்கீலா, மெஸ்கால் இருந்த பீப்பாய்கூடச் செல்லும். வேப்பம்பூ ரசப் பீப்பாய்க்கு இன்னும் அனுமதி இல்லை.

இந்தியாவில் என்ன கிடைக்கும்?

ஸ்காட்லாந்துச் சரக்கு இந்தியாவுக்கு வரும்போது 'மலிவு' என்ற பேச்சே போய்விடும், 2025இல் சுங்க வரியே 150 சதவீதம். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன்-இந்தியா வர்த்தக ஒப்பந்தம் அதை முதலில் 75க்கும், பத்தாவது வருடத்தில் 40க்கும் இறக்கச் சொல்கிறது. ஆனால் அதன் மேல் மாநில வரி தனியாக ஏறும், ஆகவே ரொம்ப ஆசைப்பட வேண்டாம்.

பீப்பாய் வேடிக்கைக்கு இந்தியச் சரக்கே போதும். ஹரியானாவின் இந்த்ரி ட்ரினி பர்பன், பிரெஞ்சு ஒயின், பிஎக்ஸ் ஷெர்ரி (ரொம்ப இனிப்பான ஷெர்ரி வகை) என்று மூன்று வகைப் பீப்பாய்ச் சரக்கு கலந்தது, விலைக்கு நன்று. போர்ட்தான் வேண்டும் என்றால் பெங்களூரு அம்ருத்தின் போர்ட்டோனோவா, பர்பன் பீப்பாயிலிருந்து போர்ட் பைப்புக்குப் போய் மறுபடி பர்பனுக்கே திரும்பி வருவது, 62 சதவீதம், மலிவு அல்ல. பெங்களூரு வெயிலில் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிறது, கட்டையும் அதே வேகத்தில் வேலை செய்கிறது. அதனால் அங்கே 'இளசு' என்பதற்கு அர்த்தமே வேறு. கிளென் மர்ரேக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பாவம், இது அணில்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

வெயில் படாமல் நிற்க வைத்தால் பாதி பாட்டில் வரை ஒரு வருடம் கவலையில்லை. படுக்க வைக்காதீர்கள், இது ஒயின் அல்ல, கார்க்கை அரித்துவிடும். கால் பாட்டிலுக்குக் கீழே போனால் காற்று அதிகம், போர்ட்டின் பழம்தான் முதலில் மங்கும், இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள்.

அந்த நாலு பேரில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள்?

இரண்டு பேர். நான் ஒருவன், கிளாஸ் மாற்றி ஊற்றியவள் இன்னொருத்தி. அஞ்சறைப்பெட்டிக்காரர் வீட்டில் குடிப்பதையே நிறுத்திவிட்டார், அதற்கும் இந்த பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை, சர்க்கரை. இருமல் மருந்துக்காரன் கிளாசிக்கை வாங்கி சோடா ஊற்றிக் குடிக்கிறான்.